கோலார் குழியும் கரும்பொருளின் கணக்கும்

(பூச்சோங்கில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கரும்பொருள் எப்படி உண்டானது?' என்பது. அழைப்பிதழில் அது 'கருப்பொருள்' என்று அச்சாகிவிட்டது. இலக்கியக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள் இரண்டொருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஆங்கிலத்தில் 'டார்க் மேட்டர்' என்று சொல்லும் கரும்பொருள். கண்ணுக்கும் தெரியாது, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது. ஆனால் எடை உண்டு. பிரபஞ்சத்தில் உள்ள பருப்பொருளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அதுதான். நீங்கள், நான், இந்த மண்டபம், சூரியன், விண்மீன்கள் எல்லாம் மீதிப் பதினைந்து பங்குக்குள் அடக்கம்.

இந்தப் பூச்சோங்கைப் பாருங்கள். இன்று அடுக்குமாடியும் பேரங்காடியும் நெடுஞ்சாலையுமாக இருக்கிற இந்த ஊர், பெரியவர்களுக்குத் தெரியும், ரப்பர் தோட்டமும் ஈய லம்பமுமாக இருந்த இடம். கின்ராரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்கள் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் மிஞ்சியிருக்கின்றன. ஈயம் எடுத்த குழிகளில் தண்ணீர் நின்று ஏரியாகி, அந்த ஏரிகளின் கரையில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. வானத்தைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் குழியைப் பற்றிப் பேசுகிறான் என்று கேட்பீர்கள். நான் சொல்லப்போகும் வரலாற்றின் பாதி ஒரு குழிக்குள்தான் நடந்தது. அது இந்த ஊர்க் குழி அல்ல. கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயல். ஆனால் அதைத் தோண்டியவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர்.

வட ஆற்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் நம் பாட்டன்மாரை மலாயாவுக்குக் கப்பலேற்றிய அதே காலத்தில், அதே மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோலாருக்கு நடந்தும் ரயிலேறியும் போனார்கள். அண்ணன் கோலாருக்கும் தம்பி கிள்ளானுக்கும் போன குடும்பங்கள்கூட இருந்திருக்கும். இங்கே லயன் வீடு என்றால் அங்கேயும் லயன் வீடுதான். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலை எடுத்து நடத்தத் தொடங்கியது. காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறை கைவைக்க முடியாத சூடு. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறி, உள்ளே இருந்தவர்களைப் புதைத்த நாட்கள் பல. தப்பித்தவர்களில் எத்தனையோ பேரைக் கல்தூசு நுரையீரலில் படிந்து கொன்றது. தங்கம் சீமைக்குப் போயிற்று.

இந்தக் குழிக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன தொடர்பு?

வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்த் துகள்கள் நம்மேல் ஓயாமல் மழைபோல் விழுந்துகொண்டிருக்கின்றன. மியூவான் என்ற துகள் கூரையைத் துளைத்து, மலையையும் ஓரளவு துளைத்துப் போகும். எவ்வளவு ஆழம்வரை போகும் என்று பார்க்க, மும்பை டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலேயே கோலாருக்கு வந்தார்கள். ஹோமி பாபா அனுப்பினார், பி. வி. ஸ்ரீகண்டன் கருவியோடு இறங்கினார். ஆழம் போகப் போக மியூவான்கள் குறைந்தன. 1960-களின் தொடக்கத்தில் மிக ஆழமான ஓர் இடத்தில் வைத்த கருவி ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை. சாதாரணமாக ஒன்றும் பதிவாகாவிட்டால் சோதனை தோல்வி என்போம். இங்கே அந்த மௌனம்தான் பெரிய லாபம். வானத்து மழையின் ஓசை முழுவதும் அடங்கிய ஓர் அறை கிடைத்துவிட்டது. அந்த அறையில் இனி ஒரு சத்தம் கேட்டால், அது பாறையைப் பொருட்படுத்தாத வேறொரு துகளின் சத்தமாகத்தான் இருக்க முடியும்.

அந்தத் துகள் நியூட்ரினோ. 1930-இல் பௌலி என்ற அறிஞர் கணக்கை நேர்செய்வதற்காகக் காகிதத்தில் கற்பித்தது. 1956-இல் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே உண்மையிலேயே பிடிபட்டது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் உங்கள் விரல் நகம் அளவு இடத்தின் வழியே ஏறத்தாழ 6,000 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து வெளியேறுகின்றன. ஒன்றும் உங்களைத் தொடுவதில்லை. ஆனால் இயற்கையில் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965 வரை யாரும் கண்டதில்லை.

எம். ஜி. கே. மேனன் தலைமையில் டாட்டா கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. அவர்கள் எதிர்பார்த்தது மேலிருந்து வரும் துகளை அல்ல, பக்கவாட்டில் வரும் துகளை. பக்கவாட்டில் வருவது பல கிலோமீட்டர் பாறையைக் கடந்து வந்திருக்க வேண்டும். மியூவானுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அப்படியானால், நியூட்ரினோ ஒன்று கருவிக்குப் பக்கத்துப் பாறையில் மோதி, அங்கேயே பிறந்த மியூவான்தான் அது. 1965-இல் அப்படிச் சில பதிவுகள் கிடைத்தன. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவும் இதையே தேடிக்கொண்டிருந்தது. பதிவானது அவர்களுக்கு முந்தி; அச்சேறியது கோலாருக்கு முந்தி, 1965 ஆகஸ்டில் சில நாட்கள் வித்தியாசத்தில். அங்கேயும் குழி தோண்டியவர்கள் கறுப்பின மக்கள். அறிவியல் கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர் உண்டு. கருவி நிற்க இடம் வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இனி வானத்துக்கு வருவோம். 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பவர் 'கோமா' என்று பெயர் பெற்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அந்த மண்டலங்கள் ஓடும் வேகத்துக்கு, கூட்டம் எப்போதோ கலைந்து சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெரும் எடை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. (சுவிக்கி சண்டைக்காரர், அதுவும் ஒரு காரணம்.) 1970-இல் வேரா ரூபின் அம்மையார், கென்ட் ஃபோர்டு இருவரும் நம் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமிடாவை அளந்தபோது அதன் வெளியோர விண்மீன்களும் வேகம் குறையாமல் சுற்றுவதைக் கண்டார்கள். பிறகுதான் உலகம் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியது.

இந்த இரண்டு கதைகளையும் கோத்த நூல் ஒன்று உண்டு. கோலாரில் நியூட்ரினோ பதிவான அதே 1965-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் வானலை வாங்கியில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். புறா எச்சமாக இருக்கும் என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சம். இன்றைக்குப் பூஜ்யத்துக்கு 270 டிகிரி கீழே ஆறிப்போன நிலையில், எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அந்த வெப்பத்தை அளந்ததும், தொடக்கத்தில் எவ்வளவு சூடாக இருந்தது, அந்தச் சூட்டில் எந்தத் துகள் எவ்வளவு உண்டாகியிருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட வழி பிறந்தது.

அந்தக் கணக்கைச் சொல்ல நான் உங்களைப் பசார் மாலாமுக்கு அழைத்துப் போகிறேன். கூட்டத்தில் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி அல்ல, எல்லா ஜோடியும். சந்து குறுகல், இடித்துக்கொண்டு நடப்பதால் ஒருவரையொருவர் பார்த்துவிடுவார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்தச் சந்தை விநாடிக்கு விநாடி பெரிதாகிக்கொண்டே போகிறது. சந்து தெருவாகிறது, தெரு திடலாகிறது, திடல் மாநிலமாகிறது. ஒரு கட்டத்தில் யாரும் யாரையும் சந்திக்க முடியாது. அதுவரை ஜோடி சேராதவர்கள் என்றென்றைக்கும் தனியே அலைவார்கள். அவர்களின் எண்ணிக்கை அத்தோடு உறைந்துவிடும். பிரபஞ்சத்தில் துகளும் எதிர்த்துகளும் மோதினால் இரண்டும் அழியும். பிரபஞ்சம் விரிந்ததால் மோத முடியாமல் தப்பித்தவை மிச்சம். நியூட்ரினோவைப் பொறுத்தவரை அது யாரையும் சரியாகப் பார்க்காத பிறவி. பிரபஞ்சம் பிறந்து சுமார் ஒரு விநாடியிலேயே அது மற்றவற்றோடு தொடர்பை அறுத்துக்கொண்டது. ஆகவே ஏறத்தாழ அத்தனையும் மிஞ்சிவிட்டன.

எத்தனை? இன்று ஒரு சர்க்கரைக் கட்டி அளவு வெற்றிடத்தில், எந்த இடமானாலும் சரி, மூன்று வகையும் சேர்த்துச் சுமார் 340. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் பிரபஞ்சம் முழுவதற்கும் சராசரி போட்டால் ஓர் அணுவுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு நியூட்ரினோவுக்குத் துளி எடை இருந்தால்கூடப் போதும், எல்லாம் சேர்ந்து விண்மீன்களின் மொத்த எடையை அமுக்கிவிடும்.

எடையே இல்லை என்றுதான் அப்போது பலரும் எண்ணினார்கள். சோவியத் நாட்டில் கெர்ஷ்டைன், செல்டோவிச் இருவர் 1966-இலேயே இந்த வழியில் ஒரு மதிப்பீடு செய்தார்கள். அதைக் கூர்மையாக்கியவர் ராமநாத் கௌசிக். கோலாரில் சோதனை நடத்திய அதே டாட்டா கழகத்திலிருந்து அமெரிக்காவின் பெர்க்லிக்குப் போயிருந்தவர். 1972-இல் மெக்லெல்லண்ட் என்பவரோடு சேர்ந்து அவர் போட்ட கணக்கு, நம் தோட்டத்துக் கிராணிக்குப் புரியும் கணக்கு. எத்தனை வாளிப் பால் என்று தெரியும். மொத்தம் இவ்வளவு எடைக்கு மேல் இல்லை என்றும் தெரியும். ஒரு வாளி இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கொண்டு அதன் மொத்த எடைக்கு ஓர் எல்லை கண்டு, நியூட்ரினோவின் எடை 8 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது என்றார்கள். அதாவது எலக்ட்ரானின் எடையில் அறுபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் எடைபோட முடியாத ஒன்றை வானத்தைத் தராசாக்கி எடைபோட்டுவிட்டார்கள்!

அடுத்த ஆண்டு, 1973-இல், அதே இருவரும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார்கள். நியூட்ரினோவுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் எடை இருந்தால், அவை கோமாக் கூட்டத்தைச் சுற்றி மேகம்போல் திரண்டு நிற்கும். சுவிக்கி தேடிய எடை அதுவாகவே இருக்கலாம் என்றார்கள். ஹங்கேரியில் மார்க்ஸ், சாலாய் இருவரும் இதே போக்கில் சிந்தித்தார்கள். கரும்பொருள் என்பது மங்கிய விண்மீனோ தூசியோ அல்ல, பிரபஞ்சத்தின் முதல் விநாடியில் உண்டாகி மிஞ்சிய துகள் என்ற எண்ணம் இங்கேதான் உருப்பெற்றது. என் கணிப்பில், இந்தியாவிலிருந்து போன வானியல் சிந்தனைகளில் இது முன்வரிசையில் வைக்கவேண்டியது. இதை நம் பிள்ளைகளின் பாடநூலில் நான் பார்த்ததில்லை. கௌசிக் பின்னாளில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் இயக்குநரானார். அந்த நிலையத்தின் காவலூர் வானாய்வுக்கூடம் ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டில்தான் இருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே மாவட்டம்!

இவ்வளவு அழகான விடை சரியாக இருந்திருக்கக்கூடாதா? 1980-இல் அப்படித்தான் தோன்றியது. மாஸ்கோவில் ஒரு குழு நியூட்ரினோவின் எடை 30 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்துபார்த்தபோது அந்த எடை கிடைக்கவில்லை. அதற்குள் வேறொரு பக்கத்திலிருந்தும் இடி விழுந்தது. 1983-இல் சைமன் வைட், கார்லோஸ் ஃபிரெங்க், மார்க் டேவிஸ் மூவரும் கணினியில் ஒரு நியூட்ரினோப் பிரபஞ்சத்தை வளரவிட்டுப் பார்த்தார்கள். நியூட்ரினோ அதிவேகமாக ஓடுவது. சிறு குழந்தையை ஓரிடத்தில் உட்காரவைக்க முடியாததுபோல, அதைச் சிறு கூட்டமாகத் திரட்ட முடியாது. அதனால் முதலில் பிரம்மாண்டமான கூட்டங்கள் உருவாகி, அவை உடைந்துதான் நம்முடையது போன்ற மண்டலங்கள் தோன்ற வேண்டும். உண்மையான வானம் அப்படி இல்லை. ஆக, கரும்பொருளின் பெரும்பகுதி நியூட்ரினோ அல்ல.

1998-இல் ஜப்பானின் கமியோகாச் சுரங்கத்தில், கோலாரில் கண்ட அதே காற்றுமண்டல நியூட்ரினோக்களைக் கொண்டே, நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று நிறுவினார்கள். அதற்கு 2015-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் மிகச் சிறிய எடை. 2025-இல் ஜெர்மனியின் காட்ரின் ஆய்வு வெளியிட்ட அளவுப்படி 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. வானியல் அளவீடுகள் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றன. கரும்பொருளில் நியூட்ரினோவின் பங்கு நூற்றில் ஒன்று அளவுதான்.

அப்படியானால் கௌசிக் கணக்கு வீணா? இல்லை. விடை தவறினாலும் வழி நின்றது. 1977-இல் பெஞ்சமின் லீ, ஸ்டீவன் வெயின்பெர்க் இருவரும் அதே சந்தைக் கணக்கைக் கனத்த துகளுக்குப் போட்டார்கள். வேறு சில குழுக்களும் அதே ஆண்டில் போட்டன. (லீ அந்தக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே சாலை விபத்தில் மாண்டார், வயது 42.) கனத்த துகள் நிலைக்க வேண்டுமானால் பெரும்பாலானவை ஜோடி சேர்ந்து அழிந்து, சிலவே மிஞ்ச வேண்டும். நம் பசார் மாலாமில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிந்தால் மிச்சமே இருக்காது. கண் மங்கலாக இருந்தால் நிறைய பேர் மிஞ்சுவார்கள். எவ்வளவு மங்கலாக இருந்தால் இன்று காணும் அளவு கரும்பொருள் மிஞ்சும் என்று பார்த்தபோது, அது இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் மெல்விசையின் அளவோடு ஏறக்குறைய பொருந்தியது. விஞ்ஞானிகள் இதை அதிசயம் என்றே அழைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் இந்தக் கனத்த துகளைத் தேடி ஓடியதற்கு அந்த ஒரு பொருத்தமே காரணம்.

வேறு வழிகளும் உண்டு. ஆக்சியான் என்ற மிக இலேசான துகள் சூட்டில் பிறப்பதல்ல. இழுத்துவிட்ட ஊஞ்சல்போல ஒரு புலம் ஆடத் தொடங்கி, அந்த ஆட்டமே கரும்பொருளாக நடந்துகொள்ளும் என்று 1983-இல் மூன்று குழுக்கள் சொன்னன. தொடக்கத்திலேயே உண்டான சின்னஞ்சிறு கருந்துளைகளாக இருக்கலாம் என்போரும் உண்டு. மற்ற துகள்களோடு என்றுமே சரியாகக் கலக்காமல், சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது என்பதும் ஒரு கருத்து.

தேடல் மட்டும் இன்றும் குழியில்தான். அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பத்து டன் திரவ செனானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். 2024-இல் வெளியிட்ட முடிவில் கரும்பொருள் அகப்படவில்லை. இந்தியாவில் ஜார்க்கண்டின் ஜாதுகூடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017-இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் திறந்தார்கள். தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலையும் தண்ணீரும் கெடும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2022-இல் தமிழக அரசும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு இன்னொரு கருத்தரங்கு வேண்டும், நடுவர் அவர்களே. ஆனால் சுரங்கத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள் கேள்வி கேட்பதில் எனக்கு வியப்பில்லை. கோலாரை அவர்களும் பார்த்தவர்கள்தாம். 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். விஞ்ஞானிகள் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே சயனைடு கலந்த மண்மேடுகளும், தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு செய்தி. 2024-இல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியிலும், சீனாவின் ஜின்பிங் மலைக்கடியிலும் கரும்பொருளுக்காகக் காத்திருந்த இரண்டு கருவிகளில் மெல்லிய சில அறிகுறிகள் பதிவாயின. ஆராய்ந்து பார்த்தார்கள். கரும்பொருள் அல்ல. சூரியனிலிருந்து வந்த நியூட்ரினோவாகத்தான் இருக்கவேண்டும் என்றார்கள். கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக இந்த நியூட்ரினோக்களின் சலசலப்பு அதிகரிக்கும். அதற்கு நடுவே கரும்பொருளின் குரலைப் பிரித்துக் கேட்க வேண்டும். மேலும் ஆழமாகத் தோண்டியும் பயனில்லை. எந்தப் பாறையும் நியூட்ரினோவைத் தடுக்காது.